சன்னலுக்கு வெளியே வெயில் தடுப்பவை: பாடநூலுக்கு ஒரு சொல் வேண்டும்

அன்பர்களே,
பாலிடெக்னிக் கட்டடவியல் பாடம் வியாழனன்று அச்சுக்குப் போகிறது. தலைக்கு மேல் நீட்டிய கான்கிரீட் பலகை, பக்கவாட்டுத் தகடு, மூங்கில் தட்டி எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். ‘சன்ஷேடு’ என்றால் மாணவர்கள் பலகையை மட்டுமே நினைக்கிறார்கள். கண்ணாடி தாண்டி வந்த வெயில் திரைச்சீலையில் பட்டால் அந்தச் சூடு அறைக்குள்தான் தங்கும். அதனால் வெயிலை வெளியே நிறுத்துவதுதான் பாடத்தின் உயிர். இப்போதைக்கு ‘வெளி நிழலமைப்பு’ என்று வைத்திருக்கிறேன்.
– மொழிபெயர்ப்பாளர்

‘அமைப்பு’ என்று முடிந்தால் அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. ‘வெண்குடை நிழற்றிய’ என்கிறது புறநானூறு 189. நிழற்றுதல் என்றால் நிழல் தருதல். நிழற்றி என்போம். கிடைநிழற்றி, நிமிர்நிழற்றி என்று கிளைக்கவும் செய்யும்.
– தமிழாசிரியர், தஞ்சை

நிழற்றி காதுக்கு வினையெச்சமாக விழுகிறது ஐயா. கொத்தனாருக்கும் புரிய வேண்டாமா? ‘வெயில்மறைப்பு’ போதும்.
– பொறியாளர், மதுரை

மின்மாற்றியும் ஒலிபெருக்கியும் வினையெச்ச வடிவம்தானே? யாரும் குழம்பவில்லையே.
– தஞ்சை

பழஞ்சொல் இருக்கப் புதுச்சொல் எதற்கு? ‘குறியிறைக் குரம்பை’ (புறம் 129), அதாவது குறுகிய இறை, கூரை விளிம்பு, கொண்ட குடிசை. இறத்தல் என்றால் கடத்தல். சுவரைக் கடந்து நீள்வதால் இறை. ஊரில் இன்னும் இறவாரம் என்கிறோம். கோயிலில் அதுவே கொடுங்கை. ஆவுடையார்கோயில் கொடுங்கையும் திருவலஞ்சுழிப் பலகணியும் (கல் சன்னல்) நீங்கலாக எதையும் செய்து தருவோம் என்று சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்களாம். அந்தப் பலகணியும் வெளிச்சத்தை வடிகட்டும் கல்தான்...
– ஓய்வுபெற்ற நூலகர்

அம்மா, இறையும் கொடுங்கையும் மேலிருந்து நீள்பவை. மேற்குச் சன்னலில் மாலை நான்கு மணி வெயில் தாழ்ந்து நேரே வரும். மேல்பலகை அதற்குப் பயன்படாது. தொங்கு தட்டியோ, சாய்த்து நிறுத்திய தகடோ வேண்டும். சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை (டிகிரி) வடக்கில் இருப்பதால் மே, ஜூன், ஜூலையில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறது. வடக்குச் சன்னலுக்கும் நிழல் தேவை. கூரையை நினைவூட்டும் சொல் பாடத்தையே குழப்பிவிடும்.
– மதுரை

சரி, பெரும்பாலோர் வெயில்மறைப்பு என்கிறார்கள். அதையே போடுகிறேன், நேரமில்லை.
– மொழிபெயர்ப்பாளர்

போடுங்கள், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே தொங்கும் திரையும் வெயிலை மறைக்கத்தான் செய்கிறது. சன்னலுக்கே நிழல் தருவது வெளியே மட்டும்தான் இருக்க முடியும். நீங்கள் பாடத்தின் உயிர் என்று சொன்னது நிழற்றியில் இருக்கிறது, மறைப்பில் இல்லை. அடுத்த பதிப்பில் மறுபடியும் கேட்பேன்.
– தஞ்சை