மகள் விடியச் சாப்பிடாமல் போகிறாள், எடையோ கூடுகிறது. என்ன செய்யலாம்?

களுவாஞ்சிகுடி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு வயது 9, நாலாம் வகுப்பு. போன கிழமை பள்ளிக்கூடத்தில் மருத்துவப் பரிசோதனை நடந்தது. உயரம் 133 சென்ரிமீற்றர், எடை 35 கிலோ, எடை கூட என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து மனம் சரியில்லை. ஏனென்றால் அவள் காலையில் சாப்பிடுவதே இல்லை.

வேன் 6.40க்கு வந்துவிடும். நான் 5 மணிக்கு எழும்பிப் பிட்டு அவித்துவிடுவேன். இவர் கடலால் மீன் கொண்டுவந்த நாளென்றால் பால்சொதியும் இருக்கும். மகள் கோப்பையைத் தொடமாட்டாள். நானே உருட்டி ஊட்டினாலும் ஓங்காளிக்கிறாள். கடைசியில் மூன்று கரண்டி சீனி போட்ட பால் தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டு ஓடுவாள். இடைவேளைக்கு வாசல் கடையில் ஒரு ரோல்ஸ், ஒரு பக்கெட் ஜூஸ். 2 மணிக்கு வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோற்றுப்பானையைத் திறப்பாள்.

தம்பிக்காரனும் விடியச் சாப்பிடுவதில்லை. அவன் ஈர்க்கில் மாதிரி இருக்கிறான். ஒரே வீடு, ஒரே பானை! மகளுக்கு இரவுச் சோற்றை நிறுத்தட்டா? மாமி என்றால் "வளருற பிள்ளை, விடு" என்கிறா.

செங்கலடி அப்பா:
கணக்குப் போட்டுப் பார்த்தேன் தங்கச்சி. உடற்திணிவுச் சுட்டி (BMI, கிலோ எடையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 19.8தான் வருகிறது. 25க்குக் கீழே. பயப்பட வேண்டாம்.

திருக்கோவில் மருத்துவமாது (ஓய்வு):
தம்பி, 25 என்பது பெரியவர்களின் கணக்கு. பிள்ளைகளுக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் அட்டவணைப்படி 9 வயதுப் பெண் பிள்ளைக்கு 18.3ஐத் தாண்டினாலே எடை கூட. 21.5ஐத் தாண்டினால் உடற்பருமன். ஆக, பள்ளிக்கூடத்தில் எழுதியது சரி.

தங்கச்சி, பிள்ளைக்குச் சோற்றை நிறுத்த வேண்டாம். இந்த வயதில் எடையை இறக்கப் பாடுபடத் தேவையில்லை. எடை கொஞ்சக் காலம் இப்படியே நின்றால் உயரம் வந்து ஈடுசெய்யும். பட்டினி போட்டால் பிள்ளை ஒளித்துச் சாப்பிடப் பழகும், நான் எத்தனையோ வீட்டில் கண்டிருக்கிறேன்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் 2,216 வளரிளம் பிள்ளைகளை 5 வருடம் கவனித்து 2008இல் ஓர் ஆய்வு வந்தது. காலைச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு எடை ஏறியது குறைவு. ஆனால் காலைச் சாப்பாடுதான் எடையைப் பிடித்து வைத்தது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒழுங்காகச் சாப்பிடும் வீட்டில் நித்திரை, விளையாட்டு எல்லாமே ஒழுங்காக இருக்கலாம் அல்லவா? அதனால் சாப்பிடாத பிட்டை விட, அதற்குப் பதிலாக என்ன உள்ளே போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மூன்று கரண்டிச் சீனியும் அந்தப் பக்கெட்டும் சேர்ந்தால் ஒரு நாளைக்குப் போதும் என்கிற அளவை மத்தியானத்துக்கு முதலே நெருங்கிவிடும். 2016இலிருந்து இனிப்புப் பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறி போடுகிறார்கள், சீனி மிகக் கூட என்று சொல்லும் சிவப்பா என்று பாருங்கள்.

மகனையும் விட்டுவிடாதீர்கள். அவனுக்கும் எடை, உயரம் பார்க்க வேண்டும், மெலிவும் கவனிக்க வேண்டியதுதான்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன். மகள் இரவில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள்?

களுவாஞ்சிகுடி அம்மா:
அம்மா, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான டியூசனுக்கு இப்போதே விட்டிருக்கிறோம். முடிய 7.30 ஆகும். பிறகு வீட்டுப் பாடம். 9.30க்குச் சோறு, படுக்க 10.30. விடிய 5.30க்கு எழுப்பிவிடுவேன்.

திருக்கோவில் மருத்துவமாது (ஓய்வு):
பாருங்கள், 7 மணித்தியால நித்திரைதான். இந்த வயதுக்கு 9 மணித்தியாலமாவது வேண்டும். 9.30க்கு வயிறு முட்டச் சோறு சாப்பிட்ட பிள்ளைக்கு 6 மணிக்கு எப்படிப் பசிக்கும்? ஓங்காளிப்பது அடம் இல்லை தங்கச்சி. டியூசன் முடிந்து வந்த உடனேயே சாப்பாட்டைக் கொடுங்கள், புத்தகம் அதற்குப் பிறகு. வீட்டுப் பாடம் முடியாவிட்டால் முடியாமலே போகட்டும்.

அக்கரைப்பற்று டீச்சர்:
நான் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். மூன்றாம் பாடத்தில் "வயிறு நோகுது டீச்சர்" என்று வரும் பிள்ளையிடம் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், "தேத்தண்ணி" என்பதுதான் அனேகமாகப் பதில். விடிய இறங்காவிட்டால் வற்புறுத்தாமல் பெட்டியில் கட்டிக் கொடுங்கள். அவித்த கடலையும் தேங்காய்ச் சொட்டும், இல்லாவிட்டால் பயறு, கௌபி, ஒரு வாழைப்பழம். என் பிள்ளைக்கு முதல்நாள் இரவே கடலையை ஊறப்போட்டுவிடுவேன். காசு மட்டும் கொடுத்து விடாதீர்கள், காசு நேரே வாசல் கடைக்குத்தான் போகும். டியூசன் இல்லாத பின்னேரங்களில் வியர்க்க விளையாட விடுங்கள்.

களுவாஞ்சிகுடி அம்மா:
மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். டியூசன் சேரிடம் கதைத்து இரண்டு நாளைக் குறைத்துவிட்டேன். இவருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். 7.45க்குச் சாப்பாடு, 9 மணிக்கு லைட் நிறுத்தம். சீனி ஒரு கரண்டிக்கு வந்திருக்கிறது. முதல் நான்கு நாள் தேத்தண்ணியை ஊற்றிவிட்டு அழுதாள். இன்று விடிய அவளாகவே வந்து குந்தி, மூன்று இடியப்பமும் சம்பலும் பாதி முட்டையும் சாப்பிட்டாள். மற்றப் பாதியைத் தம்பி எடுத்துவிட்டான். எடை இன்னும் பார்க்கவில்லை. அடுத்த மாதம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.