மகன் பீவருக்குப் பொறி வைக்கப் போகிறேன் என்கிறான், விடலாமா?

கேள்வி:

வணக்கம். மதுரையிலிருந்து கனடா வந்து சட்பரிக்கு வெளியே வீடு எடுத்து எட்டு மாதம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன், பக்கத்து வீட்டுப் பெரியவரோடு போய் பீவருக்கு (ஆற்றில் மரத்தால் அணை கட்டுமே, அந்த ரோம விலங்கு) தோலுக்காகப் பொறி வைக்கக் கற்றுக்கொள்வேன் என்று ஒரே பிடிவாதம். அவருக்கு எழுபது வயதிருக்கும், நல்ல மனிதர். எனக்குத்தான் தூக்கமில்லை. சட்டப்படி இது சரியா? ஆபத்தா? ஊரில் தெரிந்தால் என்ன சொல்வார்கள்? அனுபவப்பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்:

அக்கா, நாங்கள் டிம்மின்ஸ் பக்கம். இது எங்களுக்கு ஏழாவது குளிர்காலம். என் மகள் பதினான்கு வயதில் இதே பிடிவாதம் பிடித்தாள், இப்போது அவளுக்குப் பதினேழு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை என்ற பேச்சே முடிந்துவிட்டது, அதனால் நமக்குப் பொறி என்றாலே போலீஸ் ஞாபகம் வருகிறது. இங்கே அது உரிமம் வாங்கிச் செய்கிற தொழில். நம் ஒன்டாரியோ மாகாணத்தில் உரிமத்துக்கு முன்னால் சுமார் 40 மணி நேர வகுப்பு, அப்புறம் பரீட்சை. வகுப்பை நடத்துவது ஒன்டாரியோ ஃபர் மேனேஜர்ஸ் ஃபெடரேஷன், உரிமம் தருவது இயற்கை வள அமைச்சகம். அரசு நிலத்தில் ஒவ்வொரு ட்ராப்லைனும் (பொறி வைக்க ஒதுக்கிய பகுதி) ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கும், அடுத்தவர் அங்கே பொறி வைக்க முடியாது. தனியார் நிலம் என்றால் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். சட்பரி 1850 ராபின்சன்-ஹியூரன் உடன்படிக்கைப் பகுதி. வேட்டையாடும் உரிமை அந்த உடன்படிக்கையிலேயே இங்கத்திய பழங்குடிகளான அனிஷினாபே மக்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அதையும் பையனுக்குச் சொல்லிவைப்பது நல்லது. பெரியவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: உங்கள் உரிமம் எங்கே, எந்த நிலம், என் மகன் கூட வர என்ன காகிதம் வேண்டும்? நல்ல மனிதர் என்றால் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார். முகம் சுளித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எனக்கு அதுதான் முக்கியம். பொறி வைப்பது இந்த வேலையில் சின்னப் பங்கு. மீதி எல்லாம் கராஜில் நடக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என் மகளை முதல் மாதம் ஏரிப்பக்கமே கூட்டிப் போகவில்லை. ஒரு பீவரைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, கத்தியைக் கையில் கொடுத்தார். மார்டென், மிங்க் போன்ற சின்ன ரோம விலங்குகளின் தோலைக் காலுறை கழற்றுவது போல ஒரே குழாயாக உருவி எடுப்பார்கள். பீவருக்கு வயிற்றில் ஒரே கோடாகக் கீறி, விரித்துத்தான் எடுக்க வேண்டும். தோலோடு கொழுப்பு அப்படி ஒட்டியிருக்கும். சாய்த்து வைத்த வழவழப்பான மரக்கட்டையில் தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள கத்தியால் தள்ளித் தள்ளிச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஓட்டை, ஓட்டை விழுந்தால் விலை போச்சு. பழகினவர் அரை மணி நேரத்தில் முடிப்பதை என் மகள் மூன்று மணி நேரம் செய்தாள், நான்கு ஓட்டையோடு. அதன்பிறகு பிளைவுட் பலகையில் முட்டை வடிவக் கோடு வரைந்து, தோலை அதன்மேல் இழுத்து, ஓரம் முழுக்க நெருக்க நெருக்க ஆணி அடித்துக் காயவைக்க வேண்டும். வீட்டுக்குள் வந்தபோது அவள் மேல் அடித்த வாடையை எப்படிச் சொல்ல? விளக்கெண்ணெயும் ஈரமரமும் கலந்த மாதிரி. என் மனைவி சட்டையைத் துவைக்கவில்லை, நேராகக் குப்பையில் போட்டாள்.

கூடவே வந்த இரண்டு பையன்கள் அன்றோடு காணாமல் போனார்கள். இவள் மறுநாளும் போனாள். அப்போதுதான் நான் சரி என்றேன். உங்கள் மகனுக்கும் இதே சோதனையை வையுங்கள். பொறி வாங்கித் தருவது, உரிம வகுப்பு எல்லாம் அப்புறம்.

இனி ஆபத்து. நீங்கள் பயப்பட வேண்டியது உறைந்த ஏரி ஐஸுக்கு. தனி ஆள் நடக்க 15 செ.மீ., ஸ்னோமொபைலுக்கு (பனியில் ஓட்டும் வண்டி) 25 செ.மீ. கனம் வேண்டும் என்று கனேடிய செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. அதுவும் நீலம் பாய்ந்த தெளிவான ஐஸுக்கு. பால் போல வெளுத்திருந்தால் பலம் பாதிதான். இதில் ஒரு விஷமம் என்னவென்றால், ஏரி முழுக்க நல்ல கனம் இருந்தாலும் பீவர் வீட்டைச் சுற்றியும் அணைப்பக்கமும் மெலிந்திருக்கும். பீவர் ஒரே வழியில் போய் வந்துகொண்டே இருக்கும், அணையில் நீரோட்டமும் இருக்கும். அதாவது பொறி வைக்கப் போகும் இடம்தான் மிக மோசமான இடம். பெரியவர் கடப்பாரை மாதிரி ஒரு ஐஸ் உளியால் முன்னால் குத்திக்கொண்டே நடக்கிறாரா என்று ஒரு நாள் கூடப் போய்ப் பாருங்கள். குத்தாமல் விறுவிறுவென்று நடந்தால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அனுப்பாதீர்கள். பையன் கழுத்தில் இரண்டு ஐஸ் குத்தூசிகள் கயிற்றில் தொங்க வேண்டும், விழுந்தால் ஐஸில் குத்தி ஊர்ந்து வெளியே வர. இங்கே எல்லோருக்கும் ஒரு கணக்கு சொல்லித்தருவார்கள்: 1-10-1. மூச்சைச் சமாளிக்க ஒரு நிமிடம், கைகால் பேச்சைக் கேட்க பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். விழுந்தவுடன் செத்துவிட மாட்டோம், பதறாதே என்பதுதான் இதன் பொருள். மனப்பாடம் பண்ண வையுங்கள்.

அடுத்தது பொறியே. பீவருக்கு வைப்பது 330 என்கிற சதுரப் பொறி, இரண்டு பக்கமும் ஸ்பிரிங். இந்த வகையை 1950களில் உருவாக்கியவர் ஃப்ராங்க் கொனிபேர், அவரே பல வருடம் பொறி வைத்தவர். பழைய கால்பிடிப் பொறியில் விலங்கு மணிக்கணக்கில் துடித்ததைப் பார்க்கப் பொறுக்காமல், உடனே கொல்வதற்காக உருவாக்கினார். 1997இல் ஐரோப்பிய ஒன்றியம், கனடா, ரஷ்யா செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு எந்தப் பொறி எந்த விலங்குக்கு என்று சோதித்துச் சான்றும் தருகிறார்கள். பாவமா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், ஆனால் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

அந்த 330 கையில் அடித்தால் இன்னொரு கையால் மட்டும் திறக்க முடியாது. எங்கள் பெரியவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு நீளக் கயிறு வைத்திருப்பார், ஒரு முனையில் கால் நுழையும் சுருக்கு. கயிற்றை ஸ்பிரிங்கின் இரண்டு வளையத்திலும் கோத்து, சுருக்கில் காலை விட்டு மிதித்து, மறுமுனையை ஒரு கையால் இழுத்தால் ஸ்பிரிங் அமுங்கும், கொக்கியை மாட்டிவிடலாம். என் மகளை உணவு மேசையில் கண்ணைக் கட்டிவிட்டு, இடது கையால் மட்டும் பத்து முறை செய்ய வைத்தார். பத்தும் சரியாக வந்த பிறகுதான் முதல் பொறியை ஐஸுக்கடியில் இறக்க விட்டார்.

நோய் பற்றியும் ஒரு வரி: மஸ்க்ராட் (நீரில் வாழும் எலி இனம்), பீவர், முயலிலிருந்து துலரீமியா என்கிற தொற்று வரலாம். தோலுரிக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம். பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் இந்த வேலையை மறைக்காமல் சொல்லுங்கள்.

பணத்தை எதிர்பார்த்து இறங்கவே வேண்டாம். 1670இல் ரோமத்தோல் வியாபாரத்துக்காக ஹட்சன்ஸ் பே கம்பெனி வந்த பிறகு பீவர் தோலே நாணயமாக ஓடிய நாடு இது. அவர்களுடைய கடைகளும் 2025இல் மூடிப்போய்விட்டன. நிக்கல் என்கிற ஐந்து காசைத் திருப்பினால் பீவர் இருக்கிறது, 1937லிருந்து. (உங்கள் சட்பரியில் சிலையாக நிற்கிற பெரிய நிக்கலில் மட்டும் பீவர் கிடையாது, அது 1951 காசின் நகல், உலோக ஆலைதான் இருக்கும். பையனிடம் பந்தயம் கட்டிப் பாருங்கள்.) மகள் தோல்களை நார்த் பே ஏலத்துக்கு அனுப்பினாள். வந்த காசில் பெட்ரோல் போக மிஞ்சியதற்கு ஒரு ஜோடி நல்ல காலணி வாங்கினாள், அவ்வளவுதான்.

ஊர்க்காரர்கள் விஷயம்: நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். மகள் பீவரோடு நிற்கிற படத்தைப் பெருமையாகக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து என் பெரியம்மா ஒரு மணி நேரம் அழுதார், அத்தை பரிகாரம் செய்யச் சொல்லித் தேதியே குறித்துவிட்டார். இப்போது பலகையில் காயும் தோலைக்கூட அனுப்புவதில்லை.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி தம்பி. இரண்டு சந்தேகம். துப்பாக்கி எதுவும் தேவைப்படுமா? ஒரு தோலை ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று இவன் இப்போதே கேட்கிறான்.

பதில்:

ஐஸுக்கடியில் பீவர் பிடிக்கத் துப்பாக்கி வேண்டாம். பிறகு தேவைப்பட்டால் 12 முதல் 17 வயதுக்குத் தனி உரிமம் இருக்கிறது, பாதுகாப்பு வகுப்பு முடித்தே ஆக வேண்டும். நான் இன்னும் அந்தப் பக்கம் போகவிடவில்லை.

ஊருக்குத் தோல் வேண்டவே வேண்டாம். ஆற்று நீர்நாய், லிங்க்ஸ் (காட்டுப்பூனை இனம்) எல்லாம் சைட்டீஸ் என்கிற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. பீவர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் சென்னை சுங்கத்தில் நின்று அந்த வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

இன்னொன்று: நடக்கப் போகிற இடத்தில் வேறு யாருடைய பொறியாவது கண்ணில் பட்டால் தொடக் கூடாது, பாவப்பட்டு எடுத்துவிடவும் கூடாது. உரிமத்தோடு வைத்த பொறியைக் கலைப்பது இங்கே குற்றம்.

முதல் நாள் கராஜுக்கு அனுப்பும்போது தூக்கிப்போடுகிற பழைய சட்டையாகப் பார்த்துக் கொடுத்து அனுப்புங்கள் அக்கா. ஜாக்கெட்டை வாசலிலேயே கழற்றச் சொல்லுங்கள்.