லெஸ்டர் (இங்கிலாந்து): வீட்டுக்காரருக்கு வேலை போச்சு, யூனிவர்சல் கிரெடிட் போடலாமா?

திருவிடைமருதூர் பொண்ணு:
அவசரம். வீட்டுக்காரருக்குப் போன வெள்ளிக்கிழமையோட வேலை போச்சு, ஆள்குறைப்பாம். ரெண்டு பிள்ளைங்க. கையில ஜூலை வாடகைக்குத்தான் இருக்கு. வருமானம் குறைஞ்ச குடும்பத்துக்கு அரசாங்கம் தர்ற உதவித்தொகை, அந்த யூனிவர்சல் கிரெடிட் ஃபாரத்தைத் திறந்து வச்சிருக்கேன், ராத்திரியே அனுப்பிடலாமா? மேட்டூர் திறந்தாச்சுன்னு மாமனார் குறுவைக்குப் பணம் கேட்கிறார்.

மன்னார்குடி சேகர்:
தள்ளிப்போடாதம்மா, அனுப்பிடு. முதல் பணம் வர அஞ்சு வாரம் ஆகும். நடுவுல அட்வான்ஸ் கேட்கலாம், ஆனா அது கடன், மாசாமாசம் பிடிச்சுக்குவாங்க. சேமிப்பு 6,000 பவுண்டுக்குள்ள இருந்தா முழுசா கிடைக்கும். அதுக்கு மேல ஒவ்வொரு 250க்கும் மாசம் 4.35 குறையும். 16,000 தாண்டினா கிடையாது.

வலங்கைமான்:
ஊர் நிலத்தை விட்டுட்டீங்களே. புருஷன் பொண்டாட்டி யார் பேர்ல ஒன்பது மா நிலம்னு இருந்தாலும் அதுவும் சேமிப்புக் கணக்குல வரும். ஊர் விலையைப் போட்டு, விற்கிற செலவுக்குப் பத்து சதவீதம் கழிப்பாங்க. கூட்டுப் பட்டான்னா அவங்கவங்க பங்கு மட்டும். உதவித்தொகை வாங்கறதுக்காகத் தம்பி பேருக்கு மாத்தினா, இன்னும் உங்ககிட்டயே இருக்கிறதாத்தான் எடுத்துக்குவாங்க.

நீடாமங்கலம்:
நிறுத்துங்க எல்லாரும். தங்கச்சி என்ன விசான்னே சொல்லலையே! அது தெரியாம அந்த ஃபாரத்தைத் தொடாதீங்க.

திருவிடைமருதூர் பொண்ணு:
ஸ்கில்டு ஒர்க்கர் அண்ணா, கம்பெனி ஸ்பான்சர் பண்ற வேலை விசா. 2023 செப்டம்பர்ல வந்தோம். நான் அவர் விசாவைச் சார்ந்து வந்த டிபெண்டன்ட். அவருக்கு அப்பத்திலேர்ந்து ஒரே கம்பெனிதான்.

நீடாமங்கலம்:
அப்ப அனுப்பாதீங்க. இ-விசாவைத் திறந்து பாருங்க, "நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்"னு இருக்கும், அதாவது அரசாங்க உதவித்தொகை வாங்கக் கூடாது. யூனிவர்சல் கிரெடிட், பிள்ளைங்களுக்கான சைல்டு பெனிஃபிட் ரெண்டும் அதுல அடங்கும். வாங்கினா விசா நிபந்தனையை மீறினதாகும், பின்னாடி ஐ.எல்.ஆர்.ல, அதான் நிரந்தரமா தங்கற அனுமதியில, இடிக்கும்.

பாபநாசம்:
வருமான வரி வாங்கறாங்க, சம்பளத்துல நேஷனல் இன்சூரன்ஸ்னு காப்பீட்டுப் பணம் வாங்கறாங்க, அதுக்கு மேல விசாவோட கட்டற ஹெல்த் சர்சார்ஜ் 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவங்களுக்கு வருஷம் 1,035 பவுண்டு. வேலை போனா மட்டும் ஒண்ணும் இல்லைங்கறது அநியாயம்.

சீர்காழி:
இங்க வந்த முதல் ரெண்டு மூணு வருஷம் யாரும் உதவ மாட்டாங்க. டிக்கெட் போடுங்க. வேலை போன அன்னைக்கே நாட்டை விட்டுப் போக அறுபது நாள் கெடு ஓட ஆரம்பிச்சாச்சு.

குடந்தை மீனா:
அது தப்பு, பாவம் அந்தப் பொண்ணைப் பயமுறுத்தாதீங்க. கம்பெனி பத்து வேலை நாளுக்குள்ள விசா விஷயம் பார்க்கிற ஹோம் ஆபீசுக்குச் சொல்லணும். ஹோம் ஆபீஸ் விசாவைக் குறைச்சு அனுப்பற கடிதத்துலேர்ந்துதான் வழக்கமா அறுபது நாள். ஈமெயிலைத் தினமும் பாருங்க, ஸ்பாம் ஃபோல்டரையும். அந்தத் தேதிக்குள்ள புது ஸ்பான்சர் கம்பெனி கிடைச்சு விண்ணப்பம் போயிடணும். புது விசா கைக்கு வராம அவர் அங்க வேலையில சேரக் கூடாது.

பாபநாசம் அண்ணே, கட்டின நேஷனல் இன்சூரன்ஸுக்குப் பலன் இருக்கு. வேலை தேடறவங்களுக்குக் கொடுக்கிற நியூ ஸ்டைல் ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ் பப்ளிக் ஃபண்ட் கிடையாது. சேமிப்பும் பார்க்க மாட்டாங்க, ஊர் நிலமும் பார்க்க மாட்டாங்க. 2025-26ல 25 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்களுக்கு வாரம் 92.05 பவுண்டு இருந்துச்சு, 182 நாள் வரைக்கும் கிடைக்கும். 2026ல போட்டா 2023-24, 2024-25 ரெண்டு வரி வருஷத்துலயும் கட்டின நேஷனல் இன்சூரன்ஸைப் பார்ப்பாங்க. 2023 செப்டம்பர்லேர்ந்து முழுச் சம்பளம் வாங்கினவர்னா ரெண்டுமே தேறும். 2024ல வந்தவங்க பலருக்கு இங்கதான் தட்டும்.

கவர்ன்மென்ட் தளத்துல அந்தப் பேர்லயே தனி ஃபாரம் இருக்கு. அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகமான ஜாப்சென்டர்ல யூனிவர்சல் கிரெடிட்டும் சேர்த்துப் போடச் சொன்னா, "நியூ ஸ்டைல் மட்டும் போதும்"னு அழுத்திச் சொல்லுங்க. வேலையை விட்ட காரணம் ஆள்குறைப்புன்னே எழுதுங்க. தானா விட்டதா பதிஞ்சா பணத்தைப் பல வாரம் நிறுத்திடுவாங்க.

அவர் ஒரே கம்பெனியில ரெண்டு வருஷம் தாண்டினதால சட்டப்படி ஆள்குறைப்பு இழப்பீடு உண்டு. நோட்டீஸ் சம்பளம், எடுக்காத லீவுக்கான பணம், வேலை முடிஞ்சதும் தர்ற பி45 சான்று எல்லாத்தையும் எழுத்துல கேளுங்க. பிள்ளைங்க ஸ்கூல்லயும் இலவசச் சாப்பாடு கேளுங்க. வருமானம் குறைஞ்சா இந்த விசாக்காரங்களுக்கும் கொடுப்பாங்க.

திருவிடைமருதூர் பொண்ணு:
ஃபாரத்தை மூடிட்டேன் அக்கா. நான் வேலைக்குப் போகலாமா? மாமனாருக்குப் பணம்?

குடந்தை மீனா:
டிபெண்டன்ட் விசா இருக்கிற வரைக்கும் தாராளமாப் போகலாம், கடை, கிடங்கு எதுவானாலும். நாளைக்கே தேடும்மா. புது விண்ணப்பத்துக்கு நாலு பேருக்கும் கட்டணமும் சர்சார்ஜும் திரும்பக் கட்டணும், அதனால இழப்பீட்டுப் பணம் வந்தாலும் அதைத் தொடாதீங்க. குறுவைக்கு மாமனாரைக் கூட்டுறவு சொசைட்டியில பயிர்க்கடன் வாங்கிக்கச் சொல்லு.