கொடையாளரின் கல்லீரல் சிரைகளில் மாறுபாடு: ஸ்கேன் அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது?

வைகைக்கரை:
என் தந்தைக்குக் கல்லீரல் மாற்று அறுவை தேவைப்படுவதால், என் தம்பி தன் கல்லீரலின் வலப்பாகத்தைத் தர முன்வந்திருக்கிறான். அவனுக்கு எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கையில், நடுக் கல்லீரல் சிரையும் இடக் கல்லீரல் சிரையும் ஒரே தண்டாகச் சேர்ந்து கீழ்ப்பெருஞ்சிரையில் திறக்கின்றன என்றும், வலப்பக்கம் 7 மில்லிமீட்டர் அகலமுள்ள கூடுதல் கீழ்ச்சிரை ஒன்று தனியே திறக்கிறது என்றும், போர்ட்டல் சிரை இரண்டாகப் பிரியாமல் மூன்றாகப் பிரிகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். அம்மாவோ, பிள்ளைக்கே கல்லீரலில் கோளாறு என்று எண்ணி அழுகிறார். இவை நோயா? இவற்றால் கொடை தடைபடுமா?

உடற்கூற்றாசிரியை:
இவற்றில் எதுவும் நோயன்று என்பதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அறிக்கை இரு வேறு குழாய்த் தொகுதிகளைப் பற்றிப் பேசுகிறது. வயலுக்குப் பாசன வாய்க்கால் வேறு, வடிகால் வேறு அல்லவா? குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் இரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வாய்க்கால். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதன் வழியே வருகிறது. கல்லீரல் சிரைகள் அந்த இரத்தத்தை, இதயத்துக்குச் செல்லும் பெரிய சிரையான கீழ்ப்பெருஞ்சிரைக்கு வெளியேற்றும் வடிகால்கள்.

நடுச்சிரையும் இடச்சிரையும் ஒரே தண்டாகச் சேர்வதை மாறுபாடு என்று சொல்வதே எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலோரிடம் அப்படித்தான் இருக்கிறது. பாடப்படத்தில் மூன்று சிரைகளும் தனித்தனியே திறப்பதைப் பார்த்துப் பழகிய மாணவர்கள், உடலை அறுத்துப் பார்க்கும்போது இரண்டே பெரிய வாய்களைக் கண்டு திகைப்பது ஆண்டுதோறும் நடக்கிறது.

கதிரியக்கவர்:
ஆசிரியை சொன்னதை ஏற்கிறேன். எனினும், இயல்பான மாறுபாடுகூட அறுவையில் வேலையைக் கூட்டலாம். கல்லீரலை எட்டுக் கூறுகளாகப் பிரித்து எண்ணிடுவது வழக்கம். கூடுதல் கீழ்ச்சிரை பெரும்பாலும் வலப்பாகத்தின் பின்கீழ்ப் பகுதியான ஆறாம் கூற்றின் இரத்தத்தை வடிக்கிறது. அதன் அகலம் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், அதைக் கட்டிவிடாமல், பெறுபவரின் கீழ்ப்பெருஞ்சிரையுடன் தனியாக இணைப்பதே பொதுவான வழக்கம்; கட்டிவிட்டால் அந்தப் பகுதியில் இரத்தம் தேங்கி, அது சரிவர வேலை செய்யாமல் போகலாம். போர்ட்டல் சிரை மூன்றாகப் பிரிந்தால் வலப்பாகத்துக்குப் பெரும்பாலும் இரண்டு வாய்கள் கிடைக்கும். அவற்றை ஒன்றாக்கித் தைக்கவும் வழிகள் உண்டு. போர்ட்டல் சிரை மாறும்போது பித்தநாளமும் மாறியிருக்க வாய்ப்பு மிகுதி என்பதால் பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனையும் கவனமாகப் பார்ப்பார்கள்.

அறிக்கையில் உள்ள மூன்றையும்விட, நீங்கள் குறிப்பிடாத ஒன்றை, அதாவது நடுச்சிரையில் வந்து சேரும் கிளைகளின் அளவைத்தான் நான் முதலில் தேடுவேன். கல்லீரலை வலம், இடம் என்று பிரிக்கும் கோடு பித்தப்பையிலிருந்து கீழ்ப்பெருஞ்சிரையை நோக்கிச் செல்கிறது. 1890களில் அதை விளக்கிய மருத்துவர் ஜேம்ஸ் கேன்ட்லியின் பெயரே அதற்கு வழங்குகிறது. நடுச்சிரை அந்தக் கோட்டிலேயே ஓடுகிறது. வலப்பாகத்தின் ஐந்தாம், எட்டாம் கூறுகளிலிருந்து கிளைகள் அதில் வந்து சேர்கின்றன. நடுச்சிரையைத் தம்பியிடமே விட்டுவைத்தால் அந்தக் கிளைகள் வெட்டுப்படும். அவை பெரியவையாக இருந்தால், இடையில் ஒரு குழாய் வைத்துப் பெறுபவரின் சிரையுடன் இணைக்க வேண்டியிருக்கும்.

உடற்கூற்றாசிரியை:
கூடுதல் கீழ்ச்சிரை எப்போதும் சுமையன்று. கட்டிக்காக வலக் கல்லீரல் சிரையை அகற்ற நேரும்போது, இந்தக் கீழ்ச்சிரை தடித்திருந்தால் ஆறாம் கூற்றைக் காப்பாற்றலாம் என்று ஜப்பானிய அறுவை மருத்துவர் மகுவுச்சியின் குழுவினர் 1987இல் காட்டினர்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், எட்டாம் கூற்றின் கிளை 6 மில்லிமீட்டர் என்றும், தம்பியிடம் எஞ்சும் கல்லீரல் 36 விழுக்காடு என்றும் இருக்கின்றன. இது போதுமா?

கதிரியக்கவர்:
எஞ்சும் அளவு 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது பரவலான வரம்பு. கொழுப்புப் படிந்த கல்லீரலானால் கூடுதலாகத் தேவைப்படும். அந்தக் கிளையை இணைக்கப்போகிறார்களா, நடுச்சிரை யாரிடம் இருக்கும் என்ற இரண்டையும் அறுவை மருத்துவரிடம் நேரில் கேளுங்கள்.

வைகைக்கரை:
வியாழக்கிழமை கேட்கிறேன். வாய்க்கால், வடிகால் விளக்கத்தை அம்மாவிடம் சொன்னேன். "அப்படியென்றால் அவனுக்குத் தண்ணீர் வடிய இன்னொரு மடை இருக்கிறது என்று சொல்" என்றார்.