‘கடன் கடிவாளம்’ பொருந்துமா?

வணக்கம்.

அரசு கடன் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் ஜெர்மனியின் ‘ஷூல்டன்பிரெம்ஸ’ விதிக்குத் தமிழில் ‘கடன் வரம்பு’ என்றே வைத்துவிடலாம் என்று நேற்று ஐயா எழுதியிருந்தார். கடன் வரம்பு என்றதும் அமெரிக்க காங்கிரஸ் அவ்வப்போது உயர்த்திக்கொண்டே போகிறதே, அதுதான் நினைவுக்கு வரும். அது மொத்தக் கடனுக்கான அளவு. ஜெர்மனி 2009இல் அரசியல் சட்டத்தில் எழுதிவைத்தது வேறு: ஓர் ஆண்டில் புதிதாக எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற கட்டு. மத்திய அரசுக்கு ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில், 0.35 சதவீதம். பொருளாதாரம் மந்தமானால் கொஞ்சம் கூடும், சூடுபிடித்தால் குறையும்.

‘கடன் தடை’யும் சரிவராது. கொரோனாவுக்காக 2020இல் இந்த விதியை நிறுத்திவைத்தார்கள். அதைத் ‘தடை நீக்கம்’ என்று எழுதினால் சட்டமே போய்விட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

என் பரிந்துரை ‘கடன் கடிவாளம்’. தளர்த்தலாம், இறுக்கலாம், சுண்டி இழுக்கலாம்; வினைச்சொற்கள் கையிலேயே இருக்கின்றன. சுண்டி இழுத்ததும் நடந்தது. கொரோனாவுக்கென்று அனுமதி வாங்கிச் செலவழிக்காமல் கிடந்த 6,000 கோடி யூரோ கடனைக் காலநிலை நிதிக்கு மாற்றியது செல்லாது என்று 2023 நவம்பர் 15 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்ஜெட்டில் பெரிய ஓட்டை. அடுத்த மாதமே மின்சாரக் கார் மானியத்தை ஒரு வார இறுதியில் திடுதிப்பென்று மூடினார்கள். விவசாயிகளுக்கு டீசலில் லிட்டருக்கு 21.48 சென்ட் திரும்பக் கிடைத்துவந்தது. அதிலும் கை வைக்கப் போக, டிராக்டர்கள் பெர்லினுக்குள் வந்து நின்றன.

இதைப் பத்திரிகைகள் ‘சிக்கன நடவடிக்கை’ என்கின்றன. எனக்கு உறுத்துகிறது. சிக்கனம் நல்ல குணம். வேண்டாம் என்பவரை ஊதாரியாக்கிவிடுகிற சொல். பேசாமல் ‘செலவு வெட்டு’ என்றே எழுதலாமே?

பதில்:

அம்மா, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

கடிவாளம் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம் மட்டும்: அது சவாரி செய்பவர் கையில் இருப்பது. இங்கே அரசு தனக்குத்தானே மாட்டிக்கொண்டது, இழுத்தது நீதிமன்றம். 2025 மார்ச்சில் தளர்த்தவும் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. பாதுகாப்புச் செலவில் ஜிடிபியின் 1 வீதத்துக்கு மேற்பட்டதை விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். உட்கட்டமைப்புக்குத் தனியாக 50,000 கோடி யூரோ. ஆக, சவாரி செய்பவர் யார் என்பதே குழப்பம். ஆனாலும் இதைவிட நல்ல சொல் எனக்குத் தோன்றவில்லை. இருக்கட்டும்.

‘செலவு வெட்டு’க்கு நான் உடன்பட மாட்டேன். எங்கள் நாட்டில் 2022 மே வரை 8 வீதமாக இருந்த வற் வரி (மதிப்புக்கூட்டு வரி) 2024 ஜனவரியில் 18 வீதம். அரசாங்கம் துண்டு விழும் தொகையைக் குறைத்தது செலவை வெட்டி மட்டுமல்ல, கடைச் சிட்டையில் வரியைக் கூட்டியும்தான். ‘வெட்டு’ என்றால் அந்தப் பாதி மறைந்துபோகும். வரவை உயர்த்துவதும் செலவைச் சுருக்குவதும் ஒன்றாக அடங்க ‘நிதி இறுக்கம்’ என்று வைப்போமா? கடிவாளத்தை இறுக்குவதோடும் ஒத்துப்போகும்.

இன்னொன்று. நீங்கள் சொன்ன 0.35, மந்தம், சூடு எல்லாவற்றையும் கழித்த பிறகு எஞ்சும் பற்றாக்குறைக்கான அளவு. அதற்குக் ‘கட்டமைப்புப் பற்றாக்குறை’ என்று எழுதினால் பாலம், சாலைக்குப் பணம் போதவில்லை என்று வாசிப்பார்கள். ‘நிலைத்த பற்றாக்குறை’ சரியா?