வைட்டமின் சி சீரம் பழுப்பாகிவிட்டது, முகமும் எரிகிறது. தொடரலாமா?

வெண்முகில்:
பரு வந்து போன இடமெல்லாம் கருப்பாகத் தடம் தங்கிவிட்டது. அதற்காக 20 சதவீத வைட்டமின் சி சீரம் வாங்கி இரண்டு மாதமாகத் தினமும் காலையில் போடுகிறேன். வாங்கியபோது தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது, இப்போது பால் விடாத டீ நிறம். போட்டதும் ஐந்து நிமிடத்துக்குச் சுள்ளென்று எரிகிறது, மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து தோல் உரிகிறது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று ஒரு தோழி சொன்னதை நம்பிப் பொறுத்துக்கொண்டேன். பாதி பாட்டில் இன்னும் மிச்சம், கொட்ட மனசு வரவில்லை. இரவில் நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) போடுகிறேன், இரண்டும் சேரக்கூடாது என்கிறார்களே, அதனாலா இந்த எரிச்சல்?

தும்பை:
கொட்டிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். பாட்டிலில் எல்-அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சியின் தூய வடிவம், என்று போட்டிருந்தால் அது காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டுக் கெட்டுப்போகிற பொருள். லேசான மஞ்சள் வரைக்கும் பரவாயில்லை, பழுப்பாகிவிட்டால் அதில் வைட்டமின் சி பெரும்பாலும் மிச்சம் இருக்காது. அது சிதையும்போது எரித்ருலோஸ் என்ற பொருளும் உண்டாகிறது, வெயிலில் நிற்காமலே தோலைப் பழுப்பாக்கும் கிரீம்களில் சேர்ப்பதும் இதைத்தான். அடுத்த முறை காற்றுப் புகாத, உள்ளே வெளிச்சம் போகாத சின்னப் பாட்டிலாக வாங்குங்கள், குளியலறையில் மட்டும் வைக்காதீர்கள். வைட்டமின் ஈயும் ஃபெரூலிக் அமிலமும் சேர்ந்திருந்தால் கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும்.

அந்திவானம்:
எரிந்தால்தான் வேலை செய்யும் என்பது தவறு, அதை நம்பி நானும் என் முகத்தைப் புண்ணாக்கிக்கொண்டேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இந்த அமிலம் தோலுக்குள் இறங்க வேண்டுமானால் சீரத்தின் பிஹெச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.5க்குக் கீழே இருக்க வேண்டும், அவ்வளவு புளிப்பான ஒன்று படும்போது முதலில் லேசாகக் குறுகுறுப்பது சகஜம்தான், ஆனால் சிவந்து உரிவது தோல் தாங்கவில்லை என்பதற்கான அடையாளம். நம் மாதிரிப் பரு வந்தால் கருத்துப்போகிற தோலுக்கு எரிச்சலே புதிதாகக் கருமையை உண்டாக்கும், எதைப் போக்கப் போடுகிறோமோ அதுவே கூடுகிறது.

ஷெல்டன் பின்னெல் என்ற தோல் மருத்துவரின் குழு 2001ல் பன்றித் தோலில் செய்த சோதனையில், 20 சதவீதத்துக்கு மேல் போனால் உறிஞ்சும் அளவு கூடவில்லை. உள்ளே போனது பாதியாகக் குறையவே 4 நாள் ஆனது. அதனால் தினமும் போட்டே ஆக வேண்டும் என்று இல்லை. இரண்டு வாரத்துக்கு எல்லாவற்றையும் நிறுத்துங்கள், மென்மையான ஃபேஸ் வாஷ், சாதாரண மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், இவை போதும். தோல் ஆறியதும் 10 சதவீத சீரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள், ஈரம் முழுக்கக் காய்ந்த முகத்தில் போட்டுப் பாருங்கள்.

நீலக்கல்:
நியாசினமைடு மேல் பழி போட வேண்டாம். இரண்டும் சேரக்கூடாது என்பது பழைய ஆய்வகச் சோதனைகளிலிருந்து பரவிய பயம், நீங்களோ ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை இரவிலும் போடுகிறீர்கள். நான் கேட்க நினைப்பது வேறு: பருவுக்கு ஏதாவது ஜெல் போடுகிறீர்களா?

வெண்முகில்:
ஆமாம், பென்சாயில் பெராக்சைடு. காலையில் சீரம் காய்ந்ததும் அதன் மேலேயே. சன்ஸ்கிரீன் வெளியே போகும் நாளில் மட்டும்.

நீலக்கல்:
அப்படியென்றால் சிக்கல் அங்கேதான். பென்சாயில் பெராக்சைடு வைட்டமின் சியை ஆக்சிஜனேற்றம் செய்து வீணாக்கிவிடும், அதோடு அதுவே தோலை உலர்த்தி உரிக்கும் மருந்து. தோல் ஆறியபின் ஜெல்லை இரவுக்கு மாற்றுங்கள். அமிலமே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் என்ற வேறு வகை வைட்டமின் சி உள்ள சீரம் தேடுங்கள், வேகம் குறைவு, எரிச்சலும் குறைவு. சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், ஜன்னலோரம் உட்காருகிற நாளிலும் போடுங்கள், கண்ணாடி வழியாகவும் தோலைக் கருக்கும் யூவிஏ கதிர் வரும். அது இல்லாமல் எந்த சீரம் போட்டும் அந்தத் தடங்கள் மங்காது.

வெண்முகில்:
சரி, பாட்டிலை இப்போதே காலி செய்துவிட்டேன். தடம் மங்க எவ்வளவு நாள் ஆகும்?

அந்திவானம்:
பழுப்புத் தடம் என்றால் குறைந்தது இரண்டு மூன்று மாதம், ஆழமானது இன்னும் இழுக்கும். இரண்டு வாரம் எதுவும் போடாமல் இருந்தும் உரிவது நிற்கவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.