பெரியம்மாவுக்கு நேர்ந்தது: புகார்க் கடிதம் பற்றி

பெரியண்ணன்: அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மூச்சு சீராக இருக்கிறது. அம்மாவுக்கு ஒவ்வாத அந்த ஊசியைப் போட்ட நர்ஸை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி நாளைக் காலை கடிதம் கொடுக்கிறேன். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

மாமா: நான் போடுகிறேன்.

அத்தை: அண்ணி பேசினார்களா?

பெரியண்ணன்: பேசினார், அத்தை. தண்ணீர் கேட்டார்.

சின்னக்கா: அண்ணா, கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள். பென்சிலின் ஒவ்வாது என்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. முதல்முறை வார்டு மாற்றியபோது மருந்து அட்டையைப் புதிதாக எழுதியவர் அந்த வரியை விட்டுவிட்டார். மருந்து எழுதிய மருத்துவர் பழைய பக்கத்தைப் புரட்டவில்லை, மருந்தகமும் கேட்கவில்லை, கையில் ஒவ்வாமைப் பட்டையும் கட்டவில்லை. புட்டியில் பெரிய எழுத்தில் இருந்தது வணிகப் பெயர். உள்ளே இருப்பது அமாக்சிசிலின், அதுவும் பென்சிலின் வகைதான் என்பது பொடி எழுத்தைப் படித்தால்தான் தெரியும். இத்தனையையும் தாண்டி, இரவு 2 மணிக்கு 30 படுக்கைகளைத் தனியாகக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கைக்கு அது வந்து சேர்ந்தது. ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியலாளர் 2000-இல் எழுதிய கட்டுரையில், துளை விழுந்த சீஸ் துண்டுகளை அடுக்கியதுபோலத்தான் பாதுகாப்புகள் என்றும், எல்லாத் துளைகளும் நேர்க்கோட்டில் அமையும்போது ஆபத்து உள்ளே வந்துவிடுகிறது என்றும் விளக்கினார்.

மாமா: அப்படியானால் யார்மேலும் குற்றமில்லை என்கிறாயா?

சின்னக்கா: இல்லை, மாமா. பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் பலர் என்கிறேன். கழுத்தில் தடிப்பைக் கண்டதும் மருந்தை நிறுத்தி, மருத்துவரை ஓடிப்போய் அழைத்து வந்து, கடும் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசியைப் போட வைத்தது அதே நர்ஸ்தான். யாராவது மருந்து அட்டையைப் பிறகு திருத்தியிருந்தால், அதை மன்னிக்கும்படி நான் சொல்லவே மாட்டேன்.

பெரியப்பா: "என் கையால்தான் போட்டேன், ஐயா" என்று என்னிடம் வந்து சொன்னது அந்தப் பெண் ஒருத்திதான். பெரிய மருத்துவர், உடம்பு ஏற்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை: அப்பா இறந்தபோதும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அன்று இந்தக் குடும்பத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பெரியண்ணன்: அதை இப்போது எடுக்க வேண்டாம், அத்தை.

அத்தை: இப்போது எடுக்காமல் எப்போது எடுப்பது?

சின்னக்கா: உண்மையைச் சொன்னவருக்கு வேலை போனால், அடுத்த முறை தவறு செய்பவர் வாயைத் திறக்க மாட்டார். கேஸ் ஷீட்டின் முழு நகலும், எந்தெந்த இடத்தில் தவறியது என்ற விசாரணையும், இனி எதை மாற்றப்போகிறார்கள் என்ற எழுத்துப்பூர்வமான பதிலும் கேளுங்கள், அண்ணா.

பெரியண்ணன்: கேட்கிறேன். ஆனால் நர்ஸின் பெயரைக் கடிதத்திலிருந்து நீக்க மாட்டேன். மருத்துவரின் பெயரையும் சேர்க்கிறேன்.

பெரியப்பா: கையெழுத்து என்னுடையதாக இருக்கட்டும். காலையில் உன் அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதலாம்.

மாமா: நகலை இன்றிரவே கேட்டுவிடுங்கள்.

பெரியண்ணன்: கேட்கத்தான் வந்தேன். இன்று வேறொரு நர்ஸ் இருக்கிறார். வார்டு மாற்றியதால் மறுபடியும் புது மருந்து அட்டை போட்டிருக்கிறார்கள். ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருக்கிறது.

சின்னக்கா: அண்ணா, அடுத்த மருந்து கொடுப்பதற்கு முன் அதை எழுத வையுங்கள். எழுதியதும் படம் எடுத்து இங்கே அனுப்புங்கள்.